மணலில் வண்டி ஓட்டும் நமதூர்ப் பிள்ளைகளுக்கு



வளைகுடாவில் பிள்ளை இல்லாத வீடு நமதூரில் குறைவு. டிரைவர் வேலைக்குப் போனவர்கள் உண்டு. வேறு வேலையில் இருந்துகொண்டு விடுமுறை நாளில் நண்பர்களோடு பாலைவனத்துக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு. தார் ரோட்டில் பத்து வருடம் ஓட்டிய அனுபவம் மணலில் உதவாது என்று, விடுப்பில் வந்திருந்த தம்பி ஒருவர் எங்கள் அலுவலகத்தில் சொன்னார். அங்கே பல வருடம் ஓட்டியவர்களிடமும் கேட்டு இதை எழுதுகிறோம்.

ஃபோர் வீல் வண்டி என்றால் எங்கும் போகும் என்ற நினைப்பில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மணலில் முதல் வேலை டயர் காற்றைக் குறைப்பது. ரோட்டில் 30, 35 இருப்பதை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவார்கள். அப்போது டயர் தட்டையாகி, வண்டியின் பாரம் கூடுதல் இடத்தில் பரவும்; புதையாது. ஆனால் காற்றுக் குறைந்த டயரோடு ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பி ரோட்டில் ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் டயர் சூடாகி வெடிக்கும். ஆகவே கம்ப்ரஸரும் காற்று அளக்கும் கேஜும் வண்டியில் இருக்கட்டும்.

மணல்மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். பாதியில் வேகம் செத்துவிட்டால் வண்டியைத் திருப்பவே கூடாது. வந்த தடத்திலேயே ரிவர்ஸில் இறங்குவதே வழி. சரிவில் குறுக்கே திரும்பும் வண்டிதான் உருண்டு விடுகிறது. காற்று வீசும் பக்கம் மேடு சாய்வாக இருக்கும், மறுபக்கம் செங்குத்தாக விழும். உச்சி வெயிலில் நிழல் இல்லாததால் இந்த விளிம்பு கண்ணுக்கே தெரியாது. எல்லோரும் பெல்ட் போட்டிருக்க வேண்டும்.

சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பது குழி தோண்டுகிற வேலை. இறங்கி, சக்கரங்களைச் சுற்றியும் வண்டியின் அடியிலும் மணலை அள்ளி, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கி, மெல்லப் பின்னால் எடுக்க வேண்டும். இழுக்கும் பெல்ட்டை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பாயும், ஆளைக் கொன்றிருக்கிறது. வண்டியின் ரெக்கவரி கொக்கியில்தான் கட்ட வேண்டும்.

மேலே உப்புப் பாளம் காய்ந்து, அடியில் சேறாகக் கிடக்கும் தரைக்கு அரபியில் சப்கா என்று பெயர். பார்வைக்குக் கெட்டித் தரை. புதிய ஆள் அங்கே போகவே வேண்டாம். மழைக்காலத்தில் வாதியில் வெள்ளம் ஓடும்போது இறங்குவதும் அப்படித்தான். ஓமனில் அது தண்டனைக்குரிய குற்றம்.

தனி வண்டியாகப் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். வழி தவறினால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. தேடி வருபவர்கள் கண்ணில் வண்டிதான் படும், மனிதன் படமாட்டான்; வண்டியின் நிழலும் மிச்சம்.

அவசரத்துக்கு அமீரகத்திலும் கத்தாரிலும் 999, ஓமனில் 9999, குவைத்தில் 112.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: மணலில் சறுக்கும் வீடியோ அனுப்பச் சொல்லிக் கேட்காமல், எந்தப் பக்கம் போகிறாய், எத்தனை வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நேரம் கடந்தும் போன் வராவிட்டால், அறையில் உடன் தங்கியிருப்பவருக்குத் தகவல் சொல்லுங்கள். அவருடைய நம்பர் இன்றே உங்கள் கையில் இருக்கட்டும்.