பழைய டவர் லைனைப் புதுப்பிக்க அனுமதி: செலவு யார் தலையில்?

கடைக்கு வருகிற மின் கட்டணக் கணக்கில் யூனிட்டுக்கு இவ்வளவு, நிலைக் கட்டணம் இவ்வளவு, வரி இவ்வளவு என்று இருக்கும். அந்த மின்சாரத்தை மின் நிலையத்திலிருந்து நம் ஊர்த் துணைமின் நிலையம் வரை சுமந்து வருகிற டவர் லைனுக்கு என்று தனி வரி இருக்காது. தனி வரி இல்லை என்பதால் நாம் அதற்குக் கொடுக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பருப்பு மூட்டைக்கு லாரி வாடகையையும் ஏற்றுக்கூலியையும் சேர்த்துத்தான் நாம் அடக்கவிலை போடுகிறோம். வாங்குகிறவர் கண்ணுக்கு வாடகை தெரிவதில்லை. ஆனால் அவர்தான் தருகிறார். மின்சாரத்திலும் இதே கதைதான். இதில் வாங்குகிறவர் இடத்தில் நிற்பது நாம்.

இந்த ‘லாரி வாடகை’ இனிக் கூடப்போகிறது. காரணம், டவர் லைன்களுக்கு வயதாகிவிட்டது. நம் பகுதியில் நீண்ட தூரத்துக்கு மின்சாரம் கொண்டு செல்வது 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தோடு தொடங்கியது. 1957 ஜூலை 1-ஆம் தேதி மின்சார வாரியம் ஏற்பட்ட பிறகு, அடுத்த முப்பது ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் 110 கே.வி., 230 கே.வி. லைன்கள் பரவின. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் ஒரு டவர் லைனின் ஆயுளை 35 ஆண்டு என்று கணக்கு வைக்கின்றன. 1985-இல் போட்ட லைனுக்கு அந்தக் கணக்கு 2020-லேயே முடிந்துவிட்டது.

35 ஆண்டு ஆனதும் டவர் சாய்ந்துவிடுமா என்றால், இல்லை. நல்ல பராமரிப்பு இருந்தால் ஐம்பது ஆண்டும் நிற்கும். கெடுவது சிறுகச் சிறுகத்தான். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று இரும்புச் சட்டங்களையும், அலுமினியக் கம்பியின் நடுவே ஓடும் எஃகு இழையையும் தின்கிறது. பீங்கான் இன்சுலேட்டர்களில் உப்பும் தூசியும் படிந்து, பனிக்கால விடியற்காலையில் பொறி பறந்து லைன் விழுகிறது. கம்பியை இணைத்த இடங்கள் சூடேறித் தளர்கின்றன. டவரின் அடியில் குறுக்குச் சட்டங்களைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிற திருட்டும் உண்டு. இவற்றோடு, லைன் போட்டபோது இருந்த சுமை வேறு, இப்போது இருக்கிற சுமை வேறு. சுமை கூடினால் கம்பி சூடாகும். சூடானால் நீண்டு தொய்யும். கீழே அன்று வயலாக இருந்த இடத்தில் இன்று மாடி வீடு இருக்கிறது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே 1921 வாக்கில் அமைத்த, பி.ஜி. அண்ட் ஈ. நிறுவனத்தின் 115 கே.வி. லைன் ஒன்றில், இன்சுலேட்டரைத் தாங்கிய இரும்புக் கொக்கி ஒன்று ஏறக்குறைய நூறு ஆண்டு உராய்ந்து தேய்ந்து, 2018 நவம்பர் 8-ஆம் தேதி அறுந்தது. அதிலிருந்து பற்றிய தீ பாரடைஸ் என்னும் ஊரையே அழித்தது. 85 பேர் இறந்தார்கள். 2020 ஜூனில் அந்த நிறுவனம் 84 உயிரிழப்புக் குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கொக்கி ஒன்றின் விலையை நினைத்துப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

ஆகவே பழைய லைனைப் புதுப்பிக்க வேண்டாம் என்று எந்த வியாபாரியும் சொல்லப்போவதில்லை. எது செய்தால் போதும், அதற்கு எவ்வளவு, அதை யார் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் நமக்குக் கேள்வி.

செய்யக்கூடியவை பல வகை. கெட்டுப்போன இன்சுலேட்டர், இணைப்பு, சட்டம் இவற்றை மட்டும் மாற்றுவது ஒன்று. டவரை அப்படியே வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் மாற்றுவது மற்றொன்று. வழக்கமான கம்பியைவிட அதிகச் சூட்டைத் தாங்கி, அதிகம் தொய்யாமல் நிற்கிற புதுவகைக் கம்பிகள் வந்திருக்கின்றன. அதே டவரில், அதே பாதையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை மின்சாரம் கொண்டுபோக இவை உதவும். விலை கூடுதல்தான், ஆனால் புது நிலம் தேட வேண்டியதில்லை. இது பெரிய லாபம். ஏனென்றால் 2024 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதமும் இழப்பீடு என்று ஆகியிருக்கிறது. 2015-இல் இது 85 சதவீதமாகவும், அதிகபட்சம் 15 சதவீதமாகவும் இருந்தது. விவசாயிக்கு இது நியாயமே. அந்தச் செலவும் கடைசியில் கட்டணத்தில்தான் ஏறும். மூன்றாவது வகை, டவரையும் இடித்துவிட்டு முழுக்கப் புதிதாகக் கட்டுவது.

அனுமதி என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது உண்மையில் இரண்டு. கட்டுவதற்கு அனுமதி, வசூலிப்பதற்கு அனுமதி.

முதலாவதை விரைவாகச் சொல்லிவிடலாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆவது பிரிவின்படி, உயரே செல்லும் மின்பாதைக்கு அரசின் முன்அனுமதி வேண்டும். பழைய பாதையிலேயே போனால் வேலை எளிது. பாதை மாறினாலோ அழுத்தம் உயர்ந்தாலோ காடு, ரயில் பாதை, நெடுஞ்சாலை என்று ஒவ்வொரு இலாகாவின் வாசலிலும் நிற்க வேண்டும். வேலை முடிந்து மின்சாரம் விடுவதற்கு முன் மின் ஆய்வாளரின் ஒப்புதல் வேண்டும். இவை பெரும்பாலும் அவர்களுக்குள் நடப்பவை.

நம்மைத் தொடுவது இரண்டாவது. மாநிலத்துக்குள் ஓடும் லைன்களுக்குத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும், மாநிலங்களுக்கிடையே ஓடும் லைன்களுக்கு மத்திய ஆணையமும் செலவைச் சரிபார்த்து, எவ்வளவு வசூலிக்கலாம் என்று உத்தரவிடுகின்றன. நம் மாநிலத்தில் வாரியம் 2010 நவம்பர் 1 முதல் பிரிக்கப்பட்டபின், டவர் லைன்கள் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்தின் பொறுப்பு. அது மின்சாரத்தை விற்பதில்லை. சுமந்து தருவதற்கு வாடகை வாங்குகிறது. பகிர்மானக் கழகம் அந்த வாடகையைக் கொடுத்துவிட்டுத் தன் செலவோடு சேர்த்து நம்மிடம் வாங்குகிறது.

வாடகை எப்படிக் கணக்காகிறது என்று ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு லைனை 100 கோடி ரூபாயில் புதுப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் 70 கோடி கடன், 30 கோடி சொந்த முதல் என்று எடுத்துக்கொள்வது ஆணையத்தின் வழக்கம். சொந்த முதலுக்கு மாநில ஆணையத்தின் விதி தரும் லாபம் 14 சதவீதம். அது ஆண்டுக்கு 4 கோடியே 20 லட்சம். கடனுக்கு வட்டி 9 சதவீதம் என்று வைத்தால் முதல் ஆண்டில் 6 கோடியே 30 லட்சம். தேய்மானமாக மொத்த மதிப்பில் 90 சதவீதத்தை ஆயுளுக்குள் எடுத்துக்கொள்ளலாம். 35 ஆண்டுக்குப் பிரித்தால் சராசரி 2 கோடியே 57 லட்சம். கடன் அடைக்கிற முதல் ஆண்டுகளில் இது இன்னும் கூடும். ஆக மொத்தம் ஆண்டுக்கு 13 கோடிக்கு மேல். பராமரிப்புச் செலவு தனி. கடன் அடைய அடைய வட்டி குறையும். ஆனால் அந்த 14 சதவீதம் லைன் கணக்கில் இருக்கிறவரை தொடரும்.

இங்கேதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது. பராமரிப்புச் செலவுக்கு ஆணையம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு மேல் செலவழித்தால் நம்மிடம் அப்படியே வாங்கிவிட முடியாது. ஆனால் அதே வேலையை ‘மூலதனம்’ என்று எழுதிவிட்டால் வட்டியும் லாபமும் சேர்ந்து வரும். கடைக்கு வெள்ளையடித்த செலவை நடப்புச் செலவில் எழுதுவதா, கட்டட மதிப்பில் ஏற்றுவதா என்று நம் ஆடிட்டரிடம் நாம் கேட்கிற அதே கேள்விதான். ஆகவே பத்து இன்சுலேட்டரை மாற்றினால் போதும் என்கிற இடத்தில் முழு லைனையும் இடித்துக் கட்டத் தோன்றுவது மனித இயல்பு. அதிகாரிகள் எல்லாரும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. விதியின் சரிவு அந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறோம். புது லைன்களுக்குப் பல நிறுவனங்கள் போட்டியிட்டு விலை சொல்லும் ஏல முறை சட்டத்தின் 63-ஆவது பிரிவில் உண்டு. பழைய லைனை அதன் சொந்தக்காரரே புதுப்பிக்கும்போது பொருளுக்கும் கூலிக்கும் டெண்டர் இருக்குமே தவிர, இந்த வேலை தேவைதானா என்பதில் போட்டி இல்லை. ஆணையம் ஒன்றுதான் தடுப்பு.

இதனால்தான் மத்திய ஆணையத்தின் விதிகள், ஆயுள் முடிந்த சொத்தைப் புதுப்பிக்க வருகிறவர் வேலையின் முழு விவரம், காரணம், செலவு எவ்வளவு பலன் எவ்வளவு என்ற ஒப்பீடு, எத்தனை ஆண்டு ஆயுள் கூடும், பணம் எங்கிருந்து வரும், எப்போது முடியும் என்று எல்லாவற்றையும் திட்ட அறிக்கையாகத் தர வேண்டும் என்கின்றன. ஆணையம் செலவு நியாயமானதா என்று பார்த்துத்தான் சம்மதிக்கும்.

இன்னொன்று, நம்மவர்களுக்கு உடனே புரிகிற விஷயம்: கழற்றிய பழைய சரக்கு. கிலோமீட்டர் கணக்கில் அலுமினியக் கம்பி, டன் கணக்கில் கோபுர இரும்பு. எடைக்குப் போட்டால் நல்ல காசு. கழற்றிய சொத்தின் மூல மதிப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதற்கான கடனையும் சொந்த முதலையும் குறைத்துவிட வேண்டும் என்பது மத்திய ஆணைய விதி. அப்படி எடுக்காவிட்டால், கழற்றிப்போன பழைய லைனுக்கும் புது லைனுக்கும் சேர்த்து நாம் லாபம் கொடுத்துக்கொண்டிருப்போம். பழைய ஃப்ரீசரை விற்றுவிட்டுப் புதியது வாங்கியவர், இரண்டையும் ஸ்டாக்கில் காட்டினால் வரி அதிகாரி விடுவாரா?

கட்டணத்தைப் போலவே கடையைத் தொடுகிற இன்னொன்று, வேலை நடக்கும் காலத்து மின்நிறுத்தம். ஓடுகிற லைனில் கம்பி மாற்ற முடியாது. நிறுத்தித்தான் ஆக வேண்டும். அந்தச் சுமையை வேறு லைன்கள் தாங்க வேண்டும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுவே. மத்தியப் பிரதேசத்தின் பீனாவிலிருந்து குவாலியர் வழியாக ஆக்ரா செல்லும் தடத்தில் ஒரு லைனை 765 கே.வி.க்கு உயர்த்துவதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த லைனில் சுமை ஏறி அது விழ, தொடர்ந்து எல்லாம் விழுந்தது. இரண்டாம் நாளில் 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி மின்சாரமின்றித் தவித்தது. அப்போது தென்மாநிலங்கள் அந்தத் தொகுப்போடு ஒத்திசைந்து ஓடவில்லை, நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வந்தபின் நாமும் அதே தொகுப்பில் இருக்கிறோம். எந்த லைனை எப்போது நிறுத்தலாம் என்பதைத் தெற்கே பெங்களூரிலுள்ள மண்டல மின் குழு முன்கூட்டித் திட்டமிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரமும் பொங்கலுக்கு முந்தைய வாரமும் நமக்கு எப்படிப்பட்டவை என்பதை அங்கே யாரும் தாமாக உணர்ந்துவிட மாட்டார்கள். உள்ளூர் லைன் வேலையானால் செயற்பொறியாளரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் சொல்லி வைப்பது நல்லது.

சரி, எங்கே பேசுவது? சட்டத்தின் 64-ஆவது பிரிவின்படி, கட்டண மனு வந்தால் அதன் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆலோசனையையும் ஆட்சேபணையையும் கேட்டபின், 120 நாளுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும். நடைமுறையில் இது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை 2022-இல் பார்த்தோம். ஜூலையில் மனு, ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம், செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம். கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் யூனிட் விலையைப் பற்றித்தான் பேசினார்கள். தொடரமைப்புக் கழகத்தின் மனுவும் அதே மேடையில்தான் இருந்தது. அதைத் தொட்டவர்கள் சிலரே. அந்த உத்தரவிலேயே ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசிக் குறியீட்டின்படியோ 6 சதவீதமோ, எது குறைவோ அந்த அளவு உயர்த்தலாம் என்றும் இருந்ததால், 2024 ஜூலையில் 4.83 சதவீதம் கூடியது.

யூனிட் விலையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். விலைக்குள் போகிற செலவு அதற்கு முன்பே, மூலதன முதலீட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கேட்கும் மனுவில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த மனுக்களையும் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். மேலும் 87-ஆவது பிரிவின்படி அமைகிற மாநில ஆலோசனைக் குழுவில் 21 பேர் வரை இருக்கலாம். அவர்கள் பிரதிநிதியாக இருக்க வேண்டிய துறைகளின் பட்டியலில் சட்டம் முதலில் எழுதியிருப்பது வணிகத்தைத்தான்.

ஆட்சேபணையைத் தமிழில் எழுதலாம், வக்கீல் தேவையில்லை. ஆணையத்தின் செயலாளருக்கு, குறித்த தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். எந்த லைன், எந்த ஆண்டு போட்டது, ஏன் கம்பி மட்டும் மாற்றினால் போதாது, முந்தைய பழுதுகளின் பதிவு எங்கே, கழற்றிய சரக்கு எந்தக் கணக்கில் வரவு, பழைய மதிப்பு கழிக்கப்பட்டதா, நிறுத்தம் எந்த மாதங்களில் என்று கேட்டாலே போதும். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மனுதாரருடையது. உத்தரவு திருப்தி இல்லையானால் 45 நாளுக்குள் டில்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தனி ஒரு கடைக்காரருக்கு அது எட்டாத செலவு. மாவட்டச் சங்கங்கள் சேர்ந்தால் தாங்கக்கூடியதே.