நாலடிப் பலகையில் ஒரு கூட்ஸ் யார்டு

மாடல் ரயில் என்றதும் வட்டமாக ஓடும் ரயில்தான் பெரும்பாலானோர் நினைவுக்கு வரும். அந்த வட்டம்தான் ஆசையைக் கெடுப்பதும். பிரிட்டனில் அதிகம் புழங்கும் ஓஓ அளவில், அதாவது உண்மை ரயிலில் ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கில், கடைகளில் விற்கும் மிகக் குறுகிய வளைவின் ஆரமே 37 செ.மீ. வட்டம் முழுமையாக, ஓரத்தில் கொஞ்சம் இடமும் விட்டால், பலகை ஒரு மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு அறை வீட்டில் அது ஒரு கட்டிலின் இடம். 'இடமில்லை' என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் சுவரோரம் ஓர் அடி அகலமும் நாலடி நீளமும் கொண்ட பலகை இருந்தால் போதும். இடமில்லாதவருக்கான சமாதானமாக இதைச் சொல்லவில்லை. அந்த வட்டத்தைவிட இந்தப் பலகையே உண்மை ரயில்வேக்கு நெருக்கமானது என்பது என் வாதம்.

கணக்கைப் பார்ப்போம். ஓஓ அளவில் ஒரு கிலோமீட்டர் என்பது 13 மீட்டர். பக்கத்து ஸ்டேஷனை உண்மையான தூரத்தில் வைக்க வேண்டுமென்றால் மண்டபமே போதாது. எனவே எவ்வளவு பெரிய மாடல் ரயில்வே கட்டுபவரும் தூரத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். ஒரு சரக்கு யார்டின் மூலையை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு அந்தச் சிக்கல் குறைவு. வேகத்தையும் இதே அளவில் சுருக்கிப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ் இந்த அளவில் நொடிக்கு 36 செ.மீ. நகரும், நாலடிப் பலகையை மூன்றரை நொடிக்குள் கடந்துவிடும். வேகன்களைத் தள்ளியும் இழுத்தும் இடம் மாற்றும் ஷண்டிங் இன்ஜினோ மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஊர்வது. மாடலில் அது நொடிக்கு 1.8 செ.மீ.; அதே பலகையைக் கடக்க அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே பலகை நீளமா குட்டையா என்பதை அதில் ஓடும் ரயிலின் வேலைதான் தீர்மானிக்கிறது, அளவு நாடா அல்ல.

இதை நன்றாக உணர்ந்து வகுக்கப்பட்டதுதான் ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் மாடலரின் 'இங்கிள்நுக் சைடிங்ஸ்'. அதில் தண்டவாளம் கிளை பிரியும் பாயின்ட்கள் இரண்டே, வேகன்கள் நிற்கும் கிளைப் பாதைகளான சைடிங்குகள் மூன்றே. ஒரு சைடிங்கில் ஐந்து வேகன்கள் நிற்கலாம். மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் முன்னும் பின்னும் போய்வருவதற்கான ஷண்டிங் நெக்கில் இன்ஜினும் மூன்று வேகன்களும் மட்டுமே அடங்கும். மொத்தம் எட்டு வேகன்கள். சீட்டுக் குலுக்கி ஐந்து வேகன்களை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே நீளமான சைடிங்கில் ரயிலாகக் கோத்து நிறுத்த வேண்டும். வேகனைக் கையால் தூக்கி வைக்கக் கூடாது. சொல்லும்போது சின்ன வேலையாகத் தெரியும். எட்டில் ஐந்தை வரிசையோடு தேர்ந்தெடுக்க 6,720 வழிகள் உண்டு. தினம் ஒன்றாகப் போட்டாலும் பதினெட்டு ஆண்டுக்கு மேல் ஓடும். ஷண்டிங் நெக்கின் குறுகலே இந்தப் புதிரின் உயிர். அங்கே நான்காவது வேகனுக்கு இடம் கொடுத்துவிட்டால் சிக்கல் தளர்ந்து, யோசிக்க வேண்டிய பாதி போய்விடும். பழைய பிரிட்டிஷ் நாலு சக்கர வேகன் ஓஓ அளவில் எட்டு, ஒன்பது செ.மீ. என்பதால் எல்லாமே நாலடிக்குள் அடங்கிவிடுகிறது.

இது ரயில்வேயே அல்ல, தண்டவாளத்தின் மேல் ஆடும் ஒரு கட்ட விளையாட்டு என்பது பலர் சொல்லும் ஆட்சேபம். எந்த ரயில்வே சீட்டுக் குலுக்கி ரயில் கோத்தது என்று கேட்கிறார்கள். சீட்டு செயற்கைதான், மறுப்பதற்கில்லை. வரிசை செயற்கையானதல்ல. 1950-களின் பிரிட்டனில் சின்ன ஸ்டேஷன்களிலும் நிலக்கரியும் தானியமும் இறக்க ஒரு கூட்ஸ் யார்டு இருந்தது. வழியெல்லாம் நின்று ஒன்றிரண்டு வேகன்களை விட்டும் எடுத்தும் போகும் கூட்ஸ் வண்டியில், எந்த ஊரில் எது கழற்றப்படும் என்பதைப் பார்த்தே வேகன்களை அடுக்கினார்கள். அந்த அடுக்கும் வேலையைத்தான் இந்தப் பலகை மறுபடி செய்துபார்க்கிறது. இன்றைய ரயில்வேயில் அப்படி இல்லை என்றால், அது நியாயமான பேச்சு. இந்தியாவில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்குப் போகும் ரேக், 58 வேகன்களும் பிரியாமல் அப்படியே போய்ச் சேர்கிறது. அதை உலகெங்கும் பரவலான ஹெச்ஓ அளவில், 87-இல் ஒரு பங்காகச் செய்தாலும் ஏழு மீட்டர் வரும். ஆகவே பலகை ரயிலுக்கு ஒரு காலத்தையும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடவசதி இருப்பவர்கள் இதைச் சீண்டமாட்டார்கள் என்று நினைப்பதும் சரியல்ல. கலிபோர்னியாவில் தன் வீட்டு நிலவறை நிறைய, தரையிலிருந்து கூரை வரை மலைகளும் பாலங்களும் எழுப்பிய ஜான் ஆலன்தான் 'டைம்சேவர்' என்ற குட்டி ஷண்டிங் புதிரையும் வகுத்தவர். அது 1972-இல் பத்திரிகையில் வெளியானது.

பயணிகள் ரயிலைத்தான் பார்க்க ஆசை என்பவருக்கும் வழி உண்டு. 1957-இல் சி.ஜே. ஃப்ரீசர் வரைந்த 'மைனரீஸ்' என்ற திட்டம், ஒரு நகர டெர்மினஸை ஏழடிக்கும் குறைந்த நீளத்தில், ஓர் அடிக்கும் குறைந்த அகலத்தில் அடக்கியது. ஆனால் வந்துபோகும் ரயில்கள் ஒளிந்து நிற்க, பக்கத்தில் மறைவாக இன்னொரு பலகை வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. நீண்ட எக்ஸ்பிரஸ் முழு வேகத்தில் வளைந்து திரும்பும் காட்சியைத்தான் ஒருவர் ரசிக்கிறார் என்றால், எந்தச் சின்னப் பலகையும் அவருக்கு நிறைவு தராது.

ஊர்ந்து போவதில்தான் எல்லாம் இருப்பதால், கட்டும்போது கவனமும் அங்கேதான் போக வேண்டும். மரங்களும் கட்டடங்களும் பிறகு வரலாம். ஒன்பது மி.மீ. ப்ளைவுட்டின் அடியில் குறுக்குச் சட்டங்கள் அடித்து, ஈரத்தில் நெளியாதபடி இருபுறமும் வார்னிஷ் பூசி, லெவல் பார்த்து நெஞ்சு உயரத்தில் பிராக்கெட்டில் பொருத்துங்கள். அந்த உயரத்தில் பார்த்தால் வேகன்களின் பக்கவாட்டு தெரியும், பிளாட்பாரத்தில் நிற்பவர் பார்ப்பது போல. தரையில் வைத்தால் கூரைகள்தான் தெரியும். பாயின்ட்டில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம் பல மாடல்களில் பிளாஸ்டிக். குட்டை இன்ஜின் மெல்ல ஊரும்போது அங்கே மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். அந்த இடமும் உலோகமாக இருந்து மின்சாரம் பாயும் பாயின்ட்டையே வாங்குங்கள். இரண்டே பாயின்ட் என்பதால் அதற்காகும் கூடுதல் செலவு தாங்கக்கூடியதுதான். தண்டவாளத்தையும் சக்கரத்தையும் அழுக்குச் சேராமல் துடைத்துவர வேண்டும். எட்டு வேகன்களிலும் ஒரே வகைக் கப்ளிங் இருக்கட்டும். ஆணி அடித்து நிலைப்படுத்தும் முன் தண்டவாளத்தைச் சும்மா பரப்பி, இன்ஜினும் மூன்று வேகன்களும் ஷண்டிங் நெக்கில் பாயின்ட்டைத் தாண்டி நிற்கின்றனவா என்று வைத்தே பார்த்துவிடுங்கள். ஒரு செ.மீ. குறைந்தாலும் பாயின்ட்டைத் திருப்ப முடியாது.