‘மா’ குடிப் பெரியோர்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ பெரியவர்கள் கூடிக் கலியாணப் பேச்சை எடுத்தால், “என்ன குடி?” என்னும் வினா எழுவதுண்டு. தமிழரிடையே கலிங்க குடி, படையாட்சி குடி. முஸ்லிம்களிடையே பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி. கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் என முன்னோர் வகுத்தனர். குடி என்பது தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் மணம் கூடாது என்பது இரு சமூகத்தார்க்கும் பொதுவான வழக்கு.

சீனரிடமும் இத்தகைய கட்டு ஒன்று இருந்தது. அவர்தம் குடும்பப்பெயர் தந்தைவழி வருவது. ஒருவருடைய பெயரின் தலையில் நிற்பது. ஒரே குடும்பப்பெயர் உடையோர் மணம் முடிப்பதை அவர்களின் பழைய சட்டம் தடுத்தது. அப்பெயர்களுள் ஒன்று ‘மா’. சீன மொழியில் அதற்குக் குதிரை என்பது பொருள். நம் பழந்தமிழிலும் ‘மா’ குதிரையைக் குறிக்கும்; இவ்வொற்றுமை தற்செயலானதே என்றாலும் மாணவர்க்கு நினைவில் நிற்க உதவும்.

இப்பெயர் மிகப் பழையது. கி.பி. 49இல் படையெடுப்பின் நடுவே நோயுற்று மாண்ட ஹான் பேரரசின் தளபதி மா யுவான் இக்குடியினரே. வீரனுடைய உடல் குதிரைத் தோலிற் சுற்றப்பட்டே ஊர் திரும்பவேண்டும் என்று அவர் கூறியதாகச் சொல்வர். புறநானூற்றுத் தாயர் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பர்.

பிற்காலத்தில் அரபு, பாரசீகம், மத்திய ஆசியா ஆகிய நாடுகளிலிருந்து சென்று சீனத்திற் குடியேறிய முஸ்லிம்கள் சீனப்பெயர் பூணவேண்டி வந்தபோது, பலர் ‘மா’வைத் தேர்ந்தனர். நபிகள் நாயகத்தின் திருப்பெயரைச் சீன எழுத்தில் எழுதுகையில் இவ்வொலி வருவதே காரணம் என்பர். சீன முஸ்லிம்களிற் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் மா என்று பழமொழியே வழங்குகிறது. மிகைதான்; ஆயினும் பழமொழி காரணமின்றிப் பிறப்பதில்லை. குர்ஆனைச் சீனத்திலும், கன்பூசியஸின் உரைகளை அரபியிலும் மொழிபெயர்த்த அறிஞர் மா ஜியான் (1906–1978) இவ்வழியினரே. கெய்ரோவின் அல் அஸ்ஹரிற் கற்றவர்.

அவர் பிறந்த யுன்னான் மாகாணத்திலேயே 1371இல் மா ஹோ என்னும் சிறுவன் பிறந்தான். பாட்டனும் தந்தையும் மக்கா சென்று மீண்டவர்கள். யுன்னானை மிங் பேரரசின் படைகள் கைப்பற்றிய காலத்தில், 1382இல், தந்தை தமது 39ஆம் வயதில் மாண்டார். சிறுவனோ சிறைப்பட்டு, ஆண்மை நீக்கப்பெற்று, இளவரசர் ஒருவரின் பணியாளாக்கப்பட்டான். அப்பேரரசை நிறுவிய மன்னரின் பட்டத்தரசியும் மா குடியில் வந்தவர் என்பது சரித்திரத்தின் விந்தைகளுள் ஒன்று.

அவ்விளவரசர் பின்னர் யுங்லோ பேரரசராகி, தம் ஊழியரின் திறமையை மெச்சி 1404இல் ‘செங்’ என்னும் குடும்பப்பெயரை வழங்கினார். மா ஹோ, செங் ஹோ ஆனார். அக்காலத்தில் அது பெரும் விருது. ஆனால் விருது பெற்றவரின் உள்ளம் எங்கிருந்தது? மறு ஆண்டே, 1405இல், தந்தையின் கல்லறைக்கென ஒரு கல்லெழுத்தை அவர் எழுதுவித்தார். அதில் தந்தையின் குடும்பப்பெயர் ‘மா’ என்றே பொறிக்கப்பட்டது. இயற்பெயரோ காணப்படவில்லை, ‘ஹாஜி’ என்ற சிறப்பே பெயராக நிற்கிறது. எமது ஊர்களிலும் ‘ஹாஜியார் வீடு’ என்றாற் போதுமே, இயற்பெயரை யார் கேட்கிறார்? பேரரசர் அளித்த பெயரை மகன் தலைமேற் கொண்டார்; தந்தையின் பெயரைக் கல்லிற் காத்தார். மகப்பேறு மறுக்கப்பட்ட ஒருவர் குடிப்பெயரைக் காக்க வேறு வழி ஏது?

அவ்வாண்டிலேயே அவருடைய முதற் கடற்பயணம் தொடங்கியது. 27,000க்கு மேற்பட்ட ஆட்களுடன் மரக்கலங்கள் புறப்பட்டன. 1433 வரை இவ்வாறு ஏழு பயணங்கள். இலங்கைக்கெனச் சீனத்திலேயே பொறிக்கப்பட்ட 1409ஆம் ஆண்டுக் கல் 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. சீன மொழியிற் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தைப் போற்றியும் காணிக்கைகள் கூறப்படுகின்றன. 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் எனப் பட்டியல் நீள்கிறது. இக்கரைகளில் வாணிகம் பேசிய மொழிகளுள் தமிழும் ஒன்றென்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை. மூன்று சமயத்தையும் ஒரே கல்லில் வணங்கியது பக்தியா, இராசதந்திரமா? இராசதந்திரமே மிகுதி என்பது எமது எண்ணம். ஏனெனில் இரண்டே ஆண்டுகளில் இதே செங் ஹோ இங்கே போரிட்டு, அழகக்கோனார் வழிவந்த மன்னனைச் சிறைப்படுத்திச் சீனத்துக்குக் கொண்டுபோனார். பேரரசர் பின்னர் அவனை விடுவித்தார்.

1413இல் அவருடைய கப்பலில் மொழிபெயர்ப்பாளராக ஏறியவர் மா ஹுவான். அவரும் முஸ்லிம், செங் ஹோ துறந்த அதே குடிப்பெயர் உடையவர். தாம் கண்ட நாடுகளை அவர் நூலாக எழுதினார். இலங்கையர் பசுவைப் போற்றுவதையும், இறைச்சி உண்ணாது பால் பருகுவதையும், சாணச் சாம்பலை உடலிற் பூசுவதையும் குறித்தார். மலையுச்சியின் பாதச்சுவடு ஆதம் நபியுடையது என்பதையும் எழுதினார். சாவீட்டில் அயற்பெண்கள் கூடி இரு கைகளாலும் மார்பில் அறைந்து கதறுவர் என்ற குறிப்பைப் படிக்கும்போது, ஒப்பாரி கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு அறுநூறு ஆண்டுகள் ஒரு கணம் மறைந்துபோகும்.

ஹாஜியின் பேரனும் ஹாஜியின் மகனுமான செங் ஹோ, ஏழு முறை கடல் கடந்தும், மக்காவை அடைந்ததற்குச் சான்றில்லை. ஏழாம் பயணத்தின்போது கள்ளிக்கோட்டையிலிருந்து சிலர் அங்கு அனுப்பப்பட்டனர். மா ஹுவானுடைய நூலின் கடைசி அதிகாரம் மக்காவைப் பற்றியது.