சொந்த மைதானத்தில் எந்த நிறச் சட்டை?

உச்சி வெயிலில் கறுப்புக் குடையின் துணியைத் தொட்டுப் பாருங்கள்; சுடும். அடர்நிறம் ஒளியை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் இது ஒரு தந்திரமாகவே ஆகிவிட்டது.

அங்குள்ள தேசியக் கால்பந்து லீக் 1957-இல் உள்ளூர் அணிக்கு வண்ணச் சட்டை, வெளியூர் அணிக்கு வெள்ளை என்று விதித்தது. கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சியில் இரு அணிகளையும் பிரித்தறிய வேண்டுமல்லவா? 1964-இல் உள்ளூர் அணியே வெள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. டல்லாஸ் அணி உடனே வெள்ளைக்கு மாறியது. வருகிற அணிகளின் பலவித வண்ணங்களை ரசிகர்கள் காணட்டும் என்பதே அதன் நோக்கம். மயாமி அணி வெள்ளை அணிவதோ வெயிலுக்காக. விருந்தாளிக்கு அடர்நிறம்தான் மிச்சம்!

ஆனால் பாலைவனத்துப் பெடூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிகிறார்களே? 1980-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இதை விளக்கியது. கறுப்பு அங்கி கூடுதலாகச் சூடேறினாலும், உடலைச் சேரும் வெப்பம் வெள்ளை அங்கியில் உள்ள அளவேதான். தளர்ந்த அங்கிக்குள் ஓடும் காற்று மிகுதியை வெளியேற்றிவிடுகிறது. தோள்கவசத்தின்மேல் இறுகிய சட்டைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பகல் வெயிலில் வெள்ளையே மேல்.

எனினும் ஆட்டக்காரரின் தசைகளே பெருமளவு வெப்பத்தை உண்டாக்குகின்றன. கவசங்கள் வியர்வையை ஆவியாக விடுவதில்லை. 2001-இல் மின்னசோட்டா அணியின் கோரி ஸ்டிரிங்கர் வெப்பத்தாக்கினால் இறந்தது ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். நிழலும், நீரும், ஓய்வும் இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டை என்ன செய்யும்?