யாழ்ப்பாணத்து உலருணவுகள்

உணவுப்பொருளைக் கெடுப்பன இருவகைப்படும். ஒன்று கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். மற்றொன்று அப்பொருளினுள்ளேயே அமைந்த நொதியங்கள். இவ்விரண்டும் தொழிற்படுவதற்கு நீர் இன்றியமையாதது. ஆகவே, நீரைப் போதிய அளவு அகற்றிவிடின் உணவு நெடுநாள் கெடாது நிலைக்கும். விஞ்ஞானநூல்கள் இதன் காரணத்தை விளக்குதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்து இல்லங்களில் இவ்வறிவு தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட ஒரு கலையாகவே வளர்ந்தது எனலாம்.

அங்ஙனம் வளர்ந்தமைக்கு அந்நிலத்தின் இயல்பே காரணமாம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்கின்றது. அதனை நம்பி விளையும் நெல் ஆண்டு முழுவதற்கும் போதியதன்று. எனினும், மழை ஓய்ந்தபின் வெயிலும் வரண்ட காற்றும் பல மாதங்கள் நிலைபெறுகின்றன. நீர்ப்பாய்ச்சாமலே வளரும் பனையும் அங்கு மிகுதியாகவுண்டு. வெயில், காற்று, பனை ஆகிய மூன்றையும் கொண்டு பஞ்சகாலத்துக்கு உணவு தேடிவைத்தனர் முன்னோர்.

ஆடி, ஆவணி மாதங்களிற் பனம்பழம் விழத் தொடங்கும். பழத்தின் தோலை நீக்கி, சிறிது நீர் விட்டுப் பிசைந்து எடுத்த களியைப் பந்தர்மேல் விரித்த ஓலைப்பாயில் மெல்லிதாகப் பரப்புவர். முதற்படை காய்ந்தபின் அதன்மேல் அடுத்த படை இடப்படும். இவ்வாறு பல நாள் படைமேற் படையாக உலர்ந்து திரள்வதே பினாட்டு ஆகும். களியை ஒரே முறையில் தடிப்பாக ஊற்றின் மேற்பரப்பு விரைவிற் காய்ந்து தோல்போல் மூடிக்கொள்ளும். உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியின்றிப் புளித்துப்போம். மெல்லிய படைகளாக இடும் வழக்கத்தின் நுட்பம் இதுவே. களியிலுள்ள வெல்லச்சத்தும் எஞ்சிய நீரைப் பற்றிக்கொண்டு, நுண்ணுயிர்களுக்கு அது பயன்படாதவாறு தடுக்கின்றது.

களி எடுத்தபின் எஞ்சும் விதைகளும் வீணாவதில்லை. அவற்றைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடிவிடுவர். மாரிமழையில் அவை முளைத்துக் கிழங்கு வைக்கும். தை, மாசி மாதங்களிற் பாத்தியைக் கிண்டும்போது மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். விளைவும் உலர்த்தற்கேற்ற காலமும் இங்ஙனம் ஒருங்கே வந்து பொருந்துதல் நோக்கற்பாலது.

கிழங்கை உலர்த்தும் முறை இரண்டு. பச்சைக் கிழங்கைத் தோலுரித்துப் பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்து, தோலும் பீலியும் நீக்கிக் காயவிட்டால் புழுக்கொடியல். பச்சையாகக் காய்ந்த ஒடியலில் மாச்சத்து தன் இயல்பு திரியாதிருத்தலின், அதனை இடித்து மாவாக்குதல் எளிது. பிட்டுக்கும் கூழுக்கும் பயன்படுவது அம்மாவே. அவித்த கிழங்கிலோ மாச்சத்து வெந்து களியாகிப் பின் இறுகிவிடுகின்றது. அதனாலேயே புழுக்கொடியல் கல்லைப்போல் வன்மையுற்று, தேங்காய்ச் சொட்டோடு மென்று தின்பதற்குரியதாகின்றது.

வேப்பம்பூ வடகமும், மோர்மிளகாயும், பாகற்காய் வற்றலும், தீவகத்துக் கருவாடும் இவ்வறிவின் பிற கிளைகளாம். மோர்மிளகாயைப் பகலிற் காயவிட்டு, இரவில் உப்பிட்ட மோரில் மீண்டும் ஊறவிடுவர். உப்பு காயினுள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கின்றது. மோரின் புளிப்பு, வெயில் இல்லாத இரவிலே அழுகலைத் தடுக்கின்றது. உலர்த்தற்கு வெயில் ஒன்றே துணையன்று என்பது இதனாற் புலனாகும்.

இக்கலையிற் கவனக்குறைவு கேடு பயக்கும். அரைகுறையாகக் காய்ந்த பொருளிற் பூஞ்சணம் படரும். அவற்றுட் சில உண்டாக்கும் அபிளாடொக்சின் என்னும் நஞ்சு சமைத்தாலும் முற்றாக அழிவதில்லை. ஒடியல் ஓசையுடன் முறியும்வரை காயவேண்டும் என்பதும், மாலைப் பனி படுமுன் பாயைச் சுருட்ட வேண்டும் என்பதும் வீண் கட்டுப்பாடுகள் அல்ல. ஒடியல் மாவுக்குப் பிறிதோர் எச்சரிக்கையும் உண்டு. பனங்கிழங்கு மாவிலுள்ள நச்சுப்பொருள் எலிகளின் ஈரலைத் தாக்குதலை 1971ஆம் ஆண்டில் வெளிவந்த இலங்கை ஆய்வொன்று காட்டியது. மாவை நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்து, நன்கு வேகவைத்தே உண்பது நம் பெண்டிர் கைக்கொண்ட முறை. கைப்பு நீங்கச் செய்த அவ்வழக்கத்தைச் சோம்பலாற் கைவிடுதல் தகாது.

1990ஆம் ஆண்டில் குடாநாட்டிற்கு வந்த மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பிற பண்டங்களும் அரிதாயின. குளிர்சாதனப்பெட்டி பயனற்றுப்போன அக்காலத்தில், மின்சாரம் வேண்டாத பழைய உலருணவுகளின் அருமை மீண்டும் உணரப்பட்டது. ஆயின் அதே போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் எண்ணிறந்த பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணைகளுக்கு இரையானவையும் பல. விதையிட்ட பனை பழம் தருவதற்கு ஏறக்குறைய 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும்.

1978ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைப்பொருள்களை வளர்க்கும் பணிக்கென ஏற்பட்டதாகும். ஒடியல் மாவும் புழுக்கொடியலும் இன்று பொதிகளிலும் கிடைக்கின்றன. ஆயினும், எந்நாளிற் பரப்புவது, எவ்வளவு காயவிடுவது, எங்ஙனம் கைப்பு நீக்குவது என்னும் அறிவு பொதியில் வருவதன்று. அஃது முற்றத்திலே தாயிடமிருந்து மகள் கண்டு பழகியது. தறிபட்ட பனைக்கு ஈடாக விதையிடல் கூடும். கற்பிப்பார் மறைந்தபின் அவ்வறிவை மீட்டல் அரிது. ஆதலின், முதியோர் உள்ளபோதே ஒரு கோடைகாலமேனும் அவர்களோடிருந்து இம்முறைகளைக் கற்றுக்கொள்ளுதல் இளைஞர் கடனாகும்.