பிரான்ஸ் ஏன் முழுக்கச் சிவப்பாகிறது?

பூரி எல்லாம் ஒரே வட்டமாக வர வேண்டுமென்றால், மாவைப் பெரிதாகத் தேய்த்து டப்பா மூடியால் அழுத்தி எடுப்போம். உலக வரைபடத்தில் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் அதன் தேசியக் கொடி தெரிகிற படங்கள் உண்டே, அவையும் இப்படித்தான் உருவாகின்றன. கொடிதான் தேய்த்த மாவு; நாட்டின் எல்லைக்கோடு மூடி. வெட்டுக்கு வெளியே மிஞ்சும் மாவு மட்டும் இங்கே அழிவதில்லை, கண்ணுக்கு மறைந்திருக்கும்.

மூடிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ‘நேச்சுரல் எர்த்’ தரவில் எல்லா நாட்டு எல்லைகளும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாக இருக்கின்றன. ‘டி3’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அவற்றைத் திரைக்கேற்ற கோடாக மாற்றித் தரும். அந்தக் கோட்டை எஸ்விஜி என்ற பட வடிவத்தில் ‘கிளிப்பாத்’ ஆக்கிக் கொடிப் படத்தோடு இணைத்தால் வெட்டு விழுந்துவிடும். சில வரி நிரல்தான்.

மாவை எங்கே, எவ்வளவு அகலத்துக்கு விரிப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நாட்டின் நான்கு கோடிகளையும் தொடும் செவ்வகத்தைக் கணக்கிட்டு அதன்மேல் கொடியை விரிப்பது வழக்கம். சிலியில் இது உடனே காலை வாரும். வடக்கு தெற்காக 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட, ஒல்லியான நாடு அது. கொடியோ 2:3 அளவில் படுத்த செவ்வகம். செவ்வகத்துக்குள் திணித்தால் நட்சத்திரம் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீளும். விகிதம் கெடாமல் முழு உயரத்துக்கும் பெரிதாக்கி நடுவில் வெட்டினால், இடது ஓரத்து நீலச் சதுரமும் நட்சத்திரமும் வெளியே போய்விடும். மிஞ்சுவது மேலே வெள்ளை, கீழே சிவப்பு. அது போலந்துக் கொடி! நீட்டுவதைவிட நகர்த்துவதே மேல் என்பேன்: இப்படிப் பெரிதாக்கி வெட்டும் ‘ஸ்லைஸ்’ முறையில் கொடியை நடுவில் நிறுத்தாமல், நட்சத்திரம் உள்ளே விழும்படி இழுத்து வைக்கலாம்.

பிரான்ஸின் கதை வேறு. தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவும் அந்தத் தரவில் பிரான்ஸோடு ஒரே உருவமாக வருகிறது. செவ்வகம் அட்லாண்டிக்கைத் தாண்டி விரிய, கொடியின் நீலம் கயானா பக்கமும் வெள்ளை கடலிலும் விழும். ஐரோப்பிய பிரான்ஸ் முழுக்கச் சிவப்பாக நிற்கும். ஃபிஜியோ 180 பாகைக் கோட்டின் இருபுறமும் கிடப்பதால், அதன் செவ்வகம் உலக வரைபடத்தின் அகலத்தையே விழுங்கிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து, பரப்பில் பெரிய துண்டுக்கு மட்டும் செவ்வகம் போடுவது. சிறு தீவுகளுக்குக் கொடியின் ஒரு நிறத்தைப் பூசிவிட்டால் போதும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

நேபாளத்துக்கு மாவே செவ்வகமில்லை, இரண்டு முக்கோணம். மிச்ச இடம் வெறுமையாகக் கிடக்கும் என்பதால், கொடியின் சிவப்பை முதலில் அடியில் நிரப்பிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மூடியில் நடுவே ஓர் ஓட்டை: லெசோத்தோ. வெட்டும் விதியை ‘ஈவன்ஆட்’ என்று வைத்தால், உள்வளையம் எந்தத் திசையில் வரையப்பட்டிருந்தாலும் அந்த ஓட்டை அடைபடாது.