ஹிஸ்டரி கேட்க யாருக்கு நேரம்?

கார் விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று வாரம் கோமாவில் கிடந்த ஓர் இளைஞனுக்குப் பேச்சும் அறிவும் நினைவும் திரும்பிவிட்டன. பெற்ற தாயை மட்டும், அச்சு அசலாக அம்மா போலவே இருக்கும் வேறு யாரோ என்கிறான். அப்பாவும் ஆள்மாறாட்டக்காரர்தான். 1923-இல் பிரான்சில் விவரிக்கப்பட்ட கப்க்ரா கோளாறு இது. உளப்பகுப்பாய்வுக்காரர்கள் இதற்குத் தாய் மீதான புதைந்த இச்சையில் காரணம் தேடினார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லியுடன் எழுதிய 'ஃபான்டம்ஸ் இன் தி பிரெய்ன்' (1998) நூலில் அந்த விளக்கம் ஒரு சின்ன விவரத்தில் சரிந்துவிடுகிறது. அதே பெற்றோர் போனில் பேசினால் பையனுக்குச் சந்தேகமே வருவதில்லை! இச்சைதான் காரணம் என்றால் குரலைக் கேட்டபோதும் அது தலைகாட்டியிருக்க வேண்டாமா? முகத்தை அடையாளம் காணும் பகுதிக்கும் உணர்ச்சியைக் கிளறும் அமிக்டலாவுக்கும் இடையிலான இணைப்பு அறுந்து, காதுவழிப் பாதை தப்பியிருக்க வேண்டும் என்று ராமச்சந்திரன் குழுவினர் ஊகித்தார்கள். பெற்றோரின் படத்தைக் காட்டி, உணர்ச்சி எழுந்தால் ஏறும் தோலின் மின்கடத்தலை அளந்தபோது, வழக்கமாக ஏற வேண்டிய அளவு ஏறவில்லை.

இந்த நூலின் பலமே இப்படிப்பட்ட அற்ப விவரங்கள்தான். கையை இழந்த ஒருவரின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டால், இல்லாத கட்டைவிரலில் தொடுவதாகச் சொல்கிறார். மூளையின் தொடு வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிலிருந்து தகவல் நின்றதும் காலியான இடத்தை முகம் பிடித்துக்கொண்டது என்பது ராமச்சந்திரனின் வாதம். பிறகு வந்த கண்ணாடிப் பெட்டி இன்னும் எளியது. இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தினால், ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த மாயக்கை, அதாவது இழந்த பிறகும் இருப்பதாக உணரப்படும் கை, சிலருக்கு விரிந்துகொடுத்தது. இதற்கெல்லாம் செலவு பஞ்சும் கண்ணாடியும்தான். தேவைப்பட்டது, நோயாளி சொல்வதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளாமல் கேட்கும் பொறுமை.

ஒற்றை நோயாளியின் கதை சான்றாகாது, ஆயிரம் பேரிடம் சோதித்தால்தான் அறிவியல் என்பார்கள். மருந்து விஷயத்தில் அது முற்றிலும் சரி. கண்ணாடிப் பெட்டியும் எல்லோருக்கும் பலன் தரவில்லை. முகம் கையின் இடத்தைப் பிடிக்கிறது என்ற விளக்கத்தையும் பிந்தைய ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கின. மாயக்கை வலி அதிகம் உள்ளவர்களிடம் பழைய கையின் பகுதி அழியாமலே இருப்பதாக 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் எதைச் சோதிப்பது என்ற கேள்வியே ஒற்றை ஆளிடமிருந்துதானே வந்தது! 1861-இல் ஒரே ஓர் அசைச்சொல்லைத் தவிர வேறெதுவும் பேச வராத ஒரு நோயாளி, மூளையில் பேச்சுக்கு இடம் உண்டு என்பதை பிரெஞ்சு மருத்துவர் ப்ரோகாவுக்குக் காட்டினார். 1953-இல் வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட ஒருவர் புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமல் போனதால்தான் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியின் வேலை துலங்கியது. நோயாளியின் அந்தரங்கத்தைக் கதையாக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. பெயரை மாற்றுவது அதற்கு அரைகுறை பதில்தான்.

இதைவிடப் பெரிய கவலை, இத்தகைய நூலை இனி யாரால் எழுத முடியும் என்பது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, ஆரம்ப சிகிச்சை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழும் நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோ. ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவருக்கும் சுலபம். ஸ்கேன் வந்த பிறகு ஹிஸ்டரி, அதாவது நோயாளியின் வாயால் நோயின் கதையைக் கேட்பது, எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு ஆகியவற்றை ஸ்கேன் காட்டும். இல்லாத விரல் எங்கே அரிக்கிறது என்பதை அந்த ஆள்தான் சொல்ல வேண்டும். நரம்பியல், மனநலப் பிரிவுகளிலாவது முதல் சந்திப்புக்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்கலாம். மருத்துவருக்கு முடியாவிட்டால் பயிற்சி மருத்துவரோ செவிலியரோ உட்கார்ந்து, கோளாறு எப்போது வருகிறது, எப்போது வராமல் இருக்கிறது என்று வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே கேஸ் ஷீட்டில் எழுதி வைக்கலாம்.